பதின்மூன்று வெற்றிகளும் ஐந்தாம் இடமும்

டல்லஹாசி, ஃப்ளோரிடா
10.12.2023

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கு நலம். தங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். சென்ற ஞாயிறு தொலைபேசியில் பேசியபோது, இந்த ஊரே துக்க வீடு போலக் கிடக்கிறது என்று நான் சொன்னதும் அம்மா பதறிப்போனார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, எங்கள் ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக் கால்பந்து அணியைத் தரவரிசையில் ஐந்தாம் இடத்தில் வைத்துவிட்டார்கள் என்று சொல்லி முடிப்பதற்குள் இணைப்பும் போய்விட்டது. பல ஆண்டுகள் கணக்கு ஆசிரியராக இருந்து, பருவத்துக்குப் பருவம் ரேங்க் போட்ட உங்களிடம் இந்த வழக்கை முழுமையாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

இங்கே கால்பந்து என்றால் இரு முனையும் கூம்பிய பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடும் ஆட்டம். ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் வாழும் இவ்வூரில், பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் மட்டும் எண்பதாயிரம் பேர்வரை உட்காரலாம். ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் காலையிலேயே சாலைகள் கருஞ்சிவப்பும் பொன்னிறமுமாக மாறிவிடும்; நாங்கள் சிலர் ஆய்வகத்துக்குப் போவதையே தள்ளிப்போடுவோம்.

முதலில் கணக்கைப் பாருங்கள். மேல்நிலைப் பிரிவில் இவ்வாண்டு 133 பல்கலைக்கழக அணிகள் இருக்கின்றன. ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளுடனும் ஒருமுறை மோத வேண்டுமானால் 8,778 ஆட்டங்கள் தேவைப்படும். ஆனால் உடலை நொறுக்கும் இந்த ஆட்டத்தை வாரம் ஒருமுறைக்கு மேல் ஆட முடியாது என்பதால் ஓர் அணிக்குப் பருவத்தில் 12 ஆட்டங்கள்தாம். எல்லாவற்றையும் கூட்டினாலும் எண்ணூறு வராது. அதாவது, பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான விடைத்தாள்களை வைத்துக்கொண்டு வகுப்பு முழுவதற்கும் ரேங்க் போட வேண்டும். அந்த விடைத்தாள்களும் ஒரே வினாத்தாளுக்கு எழுதப்பட்டவை அல்ல.

‘அ’ ‘ஆ’வை வென்றது, ‘ஆ’ ‘இ’யை வென்றது, ஆகவே ‘அ’வே ‘இ’யைவிட வலியது என்று சொல்லவும் வழியில்லை. இந்தப் பருவத்திலேயே டெக்சாஸ் கான்சாஸை 40-14 என்று வென்றது. அந்தக் கான்சாஸ் ஓக்லஹோமாவை 38-33 என்று வென்றது. அந்த ஓக்லஹோமாவோ டெக்சாஸை 34-30 என்று வென்றது. வட்டம் முழுமையாகிவிட்டது, அப்பா. இந்த மூன்றையும் எந்த வரிசையில் எழுதினாலும் ஏதாவது ஓர் ஆட்டத்தின் முடிவைப் புறக்கணித்தே ஆகவேண்டும்.

இதனால்தான் 1936 முதல் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் செய்தியாளர்களின் வாக்கைக் கொண்டு பட்டியல் வெளியிட்டு வருகிறது. 1998 முதல் 2013 வரையான பருவங்களில் வாக்கெடுப்புகளையும் கணினிக் கணக்கீடுகளையும் சேர்த்து, முதல் இரண்டு அணிகளை இறுதி ஆட்டத்துக்கு அனுப்பினார்கள். 2003இல் வாக்கெடுப்புகளில் முதலிடம் பெற்ற தெற்குக் கலிபோர்னியா, கணினிகளின் கணக்கால் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டு இறுதி ஆட்டத்தை இழந்தது. அந்த ஆண்டு பட்டம் இரண்டாகப் பிளந்தது. 2014 முதல் பதின்மூன்று பேர் கொண்ட தேர்வுக்குழு ஒன்று, பட்டத்துக்காக மோதும் நான்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கிறது. அணியின் எதிரிகள் எவ்வளவு வலியவர்கள், நேருக்கு நேர் மோதியதில் வென்றது யார், பருவத்தில் பெரும்பாலும் தமக்குள்ளேயே மோதிக்கொள்ளும் அணிகளின் குழுவான தன் கூட்டமைப்பின் பட்டத்தை வென்றதா என்பனவற்றையெல்லாம் அவர்கள் பார்க்க வேண்டும். முக்கிய ஆட்டக்காரர் ஆட முடியாமற்போனால், அது இனிவரும் ஆட்டங்களைப் பாதிக்குமா என்பதையும் கருதலாம் என்று விதியில் ஒரு வரி இருக்கிறது. எங்கள் ஊரை வீழ்த்தியது அந்த ஒரு வரிதான்.

ஃப்ளோரிடா ஸ்டேட் இவ்வாண்டு ஒரு தோல்வியும் காணவில்லை. தொடக்கத்திலேயே லூசியானா ஸ்டேட் அணியை 45-24 என்று வென்றது. கிளெம்சனை அவர்கள் மைதானத்திலேயே கூடுதல் நேரத்தில் வென்றது. நவம்பர் 18 அன்று, ஆட்டத்தை வழிநடத்தும் குவாட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸின் கால் முறிந்தது. அவர் தரையில் கிடந்த நேரத்தில் மைதானம் முழுதும் மூச்சடக்கி நின்றது. அடுத்த வாரம் மாற்று ஆட்டக்காரருடன், ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் என்ற வேறோர் அணியை 24-15 என்று வென்றார்கள். அவரும் ஆட முடியாமற்போக, டிசம்பர் 2 அன்று முதலாண்டு மாணவர் ஒருவரை வைத்துக்கொண்டு லூயிவில் அணியை 16-6 என்று வென்று கூட்டமைப்பின் பட்டத்தையும் பெற்றார்கள். பதின்மூன்றுக்குப் பதின்மூன்று.

மறுநாள் நண்பகல், முடிவை அறிவிக்கும் நிகழ்ச்சியைப் பார்க்க வீட்டுக்காரப் பெரியவர் என்னைக் கீழே அழைத்திருந்தார். அவர் வீட்டுக் குளிர்பெட்டியின் கதவில் இந்தப் பருவத்தின் ஆட்ட அட்டவணை காந்தத்தால் ஒட்டப்பட்டிருக்கும். ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் அவர் பென்சிலைக் கூராகச் சீவி, எதிரணியின் பெயருக்கு எதிரே இரண்டு எண்களையும் எழுதுவார். பதின்மூன்று வரிகளும் நிரம்பியிருந்தன. அதன் அடியில் இன்னும் இரண்டு வரிகளுக்கு இடம்விட்டு முன்கூட்டியே கோடு போட்டு வைத்திருந்தார். மிச்சிகன், வாஷிங்டன், டெக்சாஸ் என்று மூன்று பெயர்கள் வந்தன. நான்காவதாக அலபாமாவின் பெயர் வந்தபோது, அவர் தொலைக்காட்சியின் ஒலியை மட்டும் குறைத்துவிட்டு, படத்தைப் பார்த்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமைப் பட்டியலில் எங்கள் அணி நான்காவது, அலபாமா எட்டாவது. வென்ற பிறகு ஓர் இடம் இறங்கியதை அவரால் ஏற்கவே முடியவில்லை.

அவருடைய மருமகன் அலபாமாவில் படித்தவர். அவரும் அங்கே இருந்தார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. தொடர்ந்து 29 ஆட்டங்களை வென்றிருந்த ஜார்ஜியாவை அலபாமா முந்தைய நாள்தான் 27-24 என்று வீழ்த்தியிருந்தது. அதன் ஒரே தோல்வி டெக்சாஸிடம், அந்த டெக்சாஸ் மூன்றாம் இடத்தில் இருக்கிறது. அதன் எதிரிகளும் நம் எதிரிகளைவிடக் கடினமானவர்கள். பெரியவர் உடனே லூசியானா ஸ்டேட்டை எடுத்தார்: இரு அணிகளும் மோதிய ஒரே பொது எதிரி அது, நாம் 21 புள்ளி வேறுபாட்டில் வென்றோம், நீங்கள் 42-28 என்று 14 புள்ளி வேறுபாட்டில் வென்றீர்கள். அன்றைக்கு டிராவிஸ் ஆடினாரே, இன்றைக்கு இல்லையே என்றார் மருமகன்.

பிறகு மருமகன் 1993ஐ எடுத்தார். அவ்வாண்டு நவம்பரில் நோட்டர் டேம் அணி ஃப்ளோரிடா ஸ்டேட்டை 31-24 என்று வென்றது. அடுத்த வாரமே நோட்டர் டேம் பாஸ்டன் காலேஜிடம் தோற்றது. பருவ முடிவில் இரண்டுக்கும் ஒவ்வொரு தோல்வி. ஆனாலும் வாக்காளர்கள் பட்டத்தைத் தோற்கடிக்கப்பட்ட ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்குத்தான் கொடுத்தார்கள். பயிற்சியாளர் பாபி பௌடனின் முதல் பட்டம் அது. “அன்று மைதானத்து முடிவைப் பற்றி நீங்கள் யாரும் பேசவில்லையே, மாமா” என்ற பொருள்பட மருமகன் கேட்டபோது பெரியவர் விடை சொல்லவில்லை. எழுந்துபோய்க் காபி போட்டுக்கொண்டு வந்தார்.

இரவெல்லாம் யோசித்துப் பார்த்தேன். புள்ளியியல் படிக்கிறவள் என்பதால் முன்கணிப்புதான் என் தொழில். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். அடுத்த ஆட்டத்தில் யார் வெல்வார்கள் என்று கேட்டால், முதன்மை ஆட்டக்காரர் இல்லாத எங்கள் அணியைவிட அலபாமாவுக்கே நானும் கூடுதல் வாய்ப்புச் சொல்வேன். ஆனால் அது ஒரு கேள்வி. இதுவரை யார் எவ்வளவு ஈட்டினார்கள் என்பது வேறொரு கேள்வி. தேர்வுக்குழு இரண்டு கேள்விகளையும் ஒரே பட்டியலில் கலந்து, எது எவ்வளவு என்று சொல்லாமல் விடை தருகிறது. நீங்கள் அரையாண்டுத் தேர்வுக்கு ரேங்க் போடும்போது, இந்தப் பையன் காய்ச்சலில் கிடக்கிறான், முழு ஆண்டில் மதிப்பெண் குறையும் என்று நினைத்து அவனை ஓரிடம் கீழே இறக்கியதுண்டா? எடுத்த மதிப்பெண் எடுத்ததுதான் என்று சிவப்பு மையால் எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போவீர்கள். 1993லும் நோட்டர் டேமுக்கு அநீதிதான் நடந்தது என்று நான் பெரியவரிடம் மறுநாள் சொன்னேன். அதை ஒப்புக்கொண்டால்தான் இப்போது நம் பக்கம் வழக்காட முடியும் என்றும் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

எல்லாவற்றையும்விட என் மனத்தை அறுத்தது டிராவிஸின் சொற்கள். தன் கால் பருவத்தின் தொடக்கத்திலேயே முறிந்திருக்கக் கூடாதா, அப்போது இந்த அணி தன் ஒருவனால் மட்டும் ஆனதில்லை என்பதை எல்லோரும் கண்டிருப்பார்களே என்று அந்தப் பிள்ளை எழுதினான். எலும்பு முறிந்து படுத்திருக்கும் ஒருவனை இப்படி நினைக்க வைத்த முறையை நான் எப்படி ஏற்றுக்கொள்வது, அப்பா?

அடுத்த ஆண்டு முதல் நான்குக்குப் பதிலாகப் பன்னிரண்டு அணிகளைச் சேர்க்கிறார்கள். ஒரு தோல்வியும் இல்லாத பெரிய கூட்டமைப்பின் வெற்றியாளர் இனி வெளியே நிற்க வேண்டியிருக்காது என்பது எனக்கு ஆறுதல். பன்னிரண்டாவது யார் என்ற சண்டை எப்படியும் இருக்கும்.

டிசம்பர் 30 அன்று மயாமி அருகே, பட்டத்துக்குச் சம்பந்தமில்லாத ஆரஞ்சு பௌல் என்ற பருவ முடிவு ஆட்டத்தில் ஜார்ஜியாவுடன் மோதுகிறோம். பெரியவர் அட்டவணையில் விட்டிருந்த வரிகளில் ஒன்றில் அதைப் பென்சிலால் எழுதிவிட்டார். மன்னார்குடியில் கணக்குச் சொல்லித்தந்த உங்களைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்கிறேன். நீங்களாக இருந்தால் நான்காம் இடத்தை யாருக்குக் கொடுத்திருப்பீர்கள் என்று அவர் கேட்கச் சொன்னார். தனித்தாளில் கணக்குப் போட்டு எழுதுங்கள், நான் மொழிபெயர்த்துக் காட்டுகிறேன். அம்மாவுக்கும் தம்பிக்கும் என் அன்பு.

தங்கள் அன்பு மகள்