பை வாங்குவதற்கு முன்னால்

அன்பு மகளுக்கு,

யாங்கோனில் அம்மாவும் நானும் நலம். வைபரில் நீ அனுப்பிய முதுகுப்பையின் படத்தைப் பார்த்தேன். நிறம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 60 லிட்டர் உனக்கு வேண்டாம்மா. 35, மிஞ்சிப்போனால் 40 போதும். இடம் இருக்கிறதே என்று எதையாவது திணிக்கத்தான் கை போகும். சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு மலிவு விமானத்தில் போகிறாய். கையோடு கொண்டுபோகும் பைக்கு அவற்றில் பலவும் 7 கிலோதான் விடுகின்றன, சில 10. வெறும் பையே 2 கிலோ கனத்தால் மிச்சத்தில் என்ன வைப்பாய்? அப்புறம் காரைக்குடி, மதுரை, ராமேசுவரம் என்று பஸ் மாறும்போதெல்லாம் அது உன் மடியில்தான் உட்கார்ந்திருக்கும்.

கடையில் லிட்டரோடு முதுகையும் பார். தலையைக் குனிந்தால் பிடரியின் அடியில் ஓர் எலும்பு புடைத்து நிற்கும். அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரை, முதுகோடு ஒட்டி டேப் வைத்து யாரையாவது அளக்கச் சொல். அந்த நீளத்துக்குத்தான் பை பொருந்த வேண்டும். உயரமானவர்களுக்கெல்லாம் முதுகு நீளம் என்று கிடையாது. இடுப்புப் பட்டை வயிற்றை அமுக்காமல் எலும்பின் மேல் உட்கார வேண்டும். பாரம் அங்கே இறங்கினால்தான் தோள் பிழைக்கும். வெறும் பையை மாட்டிப் பார்த்து வாங்கிவிடாதே. உள்ளே எடை போட்டுத் தரச் சொல், நாலு படி ஏறி இறங்கு.

இனி என் தொழிலில் கண்டது. தெய்ஞ்சி சந்தைப் பக்கம் இத்தனை வருஷம் பை தைத்தவன், பிய்ந்ததைச் சரிசெய்து கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். துணி கிழிந்து வருகிற பை குறைவு. தோள்பட்டை முதுகுத் துணியோடு சேரும் இடத்தில்தான் முதலில் பிரியும். இல்லையென்றால் ஜிப்பின் ரன்னர் வாய் அகன்று, பல் கவ்வாமல் வரும். அதனால் பையைத் திறந்து, உள்பக்கம் அந்த இடத்தைத் தடவிப் பார். பட்டையின் முனை தையலுக்குள் நன்றாகப் போயிருக்க வேண்டும். அதன்மேல் நூல் முன்னும் பின்னுமாக நெருக்கி ஓடியிருக்கலாம், அல்லது கட்டம் போட்டு நடுவில் பெருக்கல்குறி தைத்திருக்கலாம். ஒரே ஒரு தையல்தான் ஓடியிருக்கிறதா, எந்தக் கம்பெனி பெயர் ஒட்டியிருந்தாலும் கீழே வைத்துவிடு. ஜிப்பை மூலை வளைவில் ஒரு கையால் இழு. வெறும் பையிலேயே சிக்கினால், சாமான் நிறைந்தபின் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

துணிமணி மூன்று செட் போதும்: உடுத்தியது, துவைத்தது, அவசரத்துக்கு ஒன்று. கார்த்திகை மாதம் அங்கே மழைக்காலம். ஜீன்ஸ் லேசில் காயாது, விட்டுவிடு. ஒரு கைலி எடுத்துக்கொள். துவட்டவும் போர்த்தவும் அதுவே ஆகும். கனமானதை முதுகை ஒட்டி நடுவில் வை. பையின் மேல் போடும் மழை உறையை மட்டும் நம்பாதே, முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கும். உள்ளே ஒரு கெட்டிப் பிளாஸ்டிக் பை விரித்து அதற்குள் அடுக்கு. திரவம் எதுவும் 100 மில்லி புட்டிக்கு மேல் வேண்டாம். பவர் பேங்க் உன் கையோடுதான் வர வேண்டும். தோளில் தொங்கவிடும் உன் ஷான் துணிப்பையை மடித்து ஓரத்தில் செருகிவை, கோயிலுக்கு அது போதும். மதுரை மீனாட்சி கோயிலில் போனைக்கூட உள்ளே விடுவதில்லை.

ஒன்றுக்கு மட்டும் கணக்குப் பார்க்காதே. காரைக்குடி பர்மா காலனியில் உன் அத்தைப் பாட்டி இருக்கிறார். 1964இல் இங்கே பர்மாவில் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு கப்பலேறிய குடும்பம். வயது போனாலும் அவருக்கு லப்பெத், அதுதான் நம்மூர் ஊறவைத்த தேயிலை, அந்த ஆசை மட்டும் போகவில்லை, போனில் பேசும்போதெல்லாம் கேட்கிறார். சிங்கப்பூரிலேயே, பெனின்சுலா பிளாசாவின் பர்மியக் கடைகளில் அரைக் கிலோ வாங்கிக்கொள். எண்ணெய் கசியும், இரண்டு கவர் போட்டு இறுக்கிக் கட்டு. அதற்கு இடம் போதவில்லையென்றால் உன் சட்டை ஒன்றை எடுத்து வெளியே வை.

எங்களுக்கென்று எதுவும் வாங்காதே. அம்மா பட்டியல் அனுப்புவாள், சரி சரி என்று சொல்லிவிடு, நான் பேசிக்கொள்கிறேன்.

பணம் கட்டுவதற்கு முன் அந்தப் பட்டைத் தையலைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பு. பார்த்துச் சொல்கிறேன்.

அப்பா
யாங்கோன்