மாத்திரைப் பெயரை மறைக்காமல் சொன்னவர்களுக்கு நன்றி

பட்டர்வொர்த் தாமான் மக்களுக்கு வணக்கம். நம் வீட்டுச் சிறுநீரை உரமாக ஊற்றினால் அதிலுள்ள மருந்து கீரையில் ஏறுமா என்று பார்க்க, நம் தோட்டத்துக் கங்குங் கீரை, அதன் வேர், பாத்தி மண் மூன்றும் ஐஸ் பெட்டியில் ஃபெரி ஏறி, பினாங்குத் தீவிலுள்ள ஆய்வுக்கூடத்தில் சேர்ந்துவிட்டன. கை கொடுத்த அனைவருக்கும் தோட்டக் குழுவின் நன்றி.

சிறுநீரை ஆறு மாதம் மூடி வைத்தால் எந்தப் பயிருக்கும் உரமாகப் போடலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2006-இல் சொன்னது. ஆனால் அது கிருமிகளை மனத்தில் வைத்துச் சொன்னது. யூரியா அம்மோனியாவாக மாறிக் காரம் ஏறும்போது கிருமி சாகும். மருந்துகளில் பல அப்படிப் போவதில்லை. அமெரிக்காவின் வெர்மாண்டில் ரிச் எர்த் நிறுவனமும் பல்கலைக்கழகங்களும் லெட்டூஸிலும் கேரட்டிலும் சோதித்தபோது, கஃபைனும் பாராசிட்டமோலும் மிகமிகச் சொற்ப அளவில்தான் இருந்தன. அது தைரியம் தந்தது. ஆனால் நம் வீடுகளில் ஓடுவது மெட்ஃபார்மின் என்ற இனிப்புநீர் (நீரிழிவு) மாத்திரை. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். மெட்ஃபார்மினை உடம்பு சிதைப்பதில்லை, சிறுநீரில் அப்படியே இறங்கிவிடும். அதனால்தான் நம் மண்ணிலேயே பார்க்க நினைத்தோம்.

எதிர் வீட்டு அங்கிளுக்கு முதல் நன்றி. கூச்சத்தில் பலர் தலை குனிந்திருந்தபோது கிளினிக் அட்டையை மேசையில் வைத்து, "எழுதிக்கம்மா, ஒன்னுவிடாம எழுது" என்றார். அதன் பிறகுதான் மற்றவர்களும் வாய் திறந்தார்கள். என்ன மருந்து, எத்தனை வேளை என்று தெரியாமல் ஆய்வுக்கூடத்தில் எதைத் தேடச் சொல்வது? விடியற்காலையில் துணிப்பையில் மறைத்துச் சிறுநீர்த் தோங் (மூடியுள்ள கலன்) கொண்டுவந்த அக்காமாரே, உங்களையும் மறக்கவில்லை.

"மாத்திரை உண்டு", "மாத்திரை இல்லை" என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதி ஒட்டிய சீட்டுகள், தைப்பூசத்துக்கு முன் மூடிய தோங்குகளை ஆடியில் திறந்தபோதும் அழியாமல் இருந்தன. அதைப் பார்த்துத்தான் எந்தப் பாத்திக்கு எதை ஊற்றுவது என்று பிரித்தோம். மூன்றாவது பாத்திக்குக் கடை யூரியா மட்டும். வேரில் ஒரு துளி மண்கூட ஒட்டாமல் மூன்று தண்ணீரில் அலசிய தம்பிகளுக்குத் தனி நன்றி. அந்த மண் ஒட்டியிருந்தால் வேர்க் கணக்கே பிசகியிருக்கும்.

அறிக்கை வந்ததும், நல்லதோ கெட்டதோ, கோயில் மண்டபத்துப் பலகையில் அப்படியே ஒட்டுவோம். அதுவரை அந்தப் பாத்திகளில் யாரும் கீரை பறிக்க வேண்டாம். தோங்குகளைக் கழுவிக் காயவைத்திருக்கிறோம். ஞாயிறு காலை வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.