ஓட்டுநர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

இவ்வாண்டு செயற்குழு முறைப்படி கூடியது. ஆயுத பூஜை வழக்கம்போல் நடந்தது. ஜனவரியில், சாலைப் பாதுகாப்பு மாதத்தை ஒட்டி, கண் பரிசோதனை முகாம் நடத்தினோம். விபத்தில் அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்ப்பவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்பு அளிப்பதை விளக்கும் துண்டறிக்கையும் வழங்கப்பட்டது.

தொப்பூர் கணவாய் இறக்கப் பயிற்சியைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டியுள்ளது. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கிச் சரக்கோடு இறங்கும் நம் வண்டிகளில் சில, டீசலை மிச்சப்படுத்துவதாக எண்ணி நியூட்ரலில் விடப்படுகின்றன என்பது இங்குள்ள அனைவரும் அறிந்ததே. அப்போது என்ஜினின் பிடிமானம் முற்றிலும் போய், வண்டியின் மொத்தப் பாரமும் பிரேக்கின் மேல் விழுகிறது. தொடர்ந்து மிதிக்க மிதிக்க டிரம்மும் லைனிங்கும் சூடேறி, கணவாயிலுள்ள இரட்டைப் பாலத்தை நெருங்கும்போது மிதித்தாலும் பிடிக்காத நிலை வருகிறது. என்ஜினையே அணைத்துவிட்டாலோ, பிரேக்குக்கான காற்றை அழுத்தி நிரப்பும் கம்ப்ரசர் நின்று, ஒவ்வொரு மிதிப்புக்கும் ஏர் டாங்கில் காற்று குறைந்துகொண்டே போகும். பவர் ஸ்டியரிங்கும் உதவாது. உண்மையில் இன்றைய வண்டிகளில் கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் என்ஜினுக்கு டீசல் செல்வதே நின்றுவிடும்; நியூட்ரலில்தான் அது ஐட்லிங்கில் டீசலைக் குடித்துக்கொண்டிருக்கும். ஏறுவதற்குப் போடும் கியரிலேயே இறங்க வேண்டும் என்று நம் மூத்த ஓட்டுநர்கள் சொல்லிவந்ததையே, புகை வெளியேறும் வழியை அடைத்து என்ஜினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கின் பயன்பாட்டோடு சேர்த்துக் கற்பித்தோம்.

இப்பயிற்சி வீண் செலவு என்று செயற்குழுவிலேயே ஒரு கருத்து எழுந்தது. அவ்வாறு கூறியவர்கள் ஒருநாளாவது வந்து பார்த்திருந்தால் அதற்குப் பதில் சொல்லும் சிரமம் எனக்கு இருந்திராது. வந்த ஓட்டுநர்களோ, மைலேஜ் குறைந்தால் சம்பளத்தில் பிடிக்கும் முதலாளிக்கு யார் வகுப்பெடுப்பது என்று கேட்டார்கள், நியாயமான கேள்வி. நம் உறுப்பினர்களில் உரிமையாளர்களும் இருப்பதால் அதை இங்கே பதிவு செய்கிறேன். 1961ஆம் ஆண்டிலேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேர வேலையை வரையறுத்திருக்க, இரவு முழுவதும் ஓட்டிவந்தவர் விடியற்காலையில் கணவாயில் கண் அசந்தால் பழியை ஓட்டுநர்மேல் மட்டும் போடுவது முறையாகாது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பெரிய பற்றாக்குறை இல்லை; கையிருப்பும் பெரிதாக இல்லை. சந்தா பாக்கி மூன்றாம் ஆண்டாகத் தொடர்கிறது. விபத்து நேர்ந்தவுடன் நள்ளிரவிலும் சங்கத்தைத் தொலைபேசியில் அழைக்கத் தயங்காத சிலர், சந்தாவுக்காக நாம் அழைக்கும்போது மட்டும் எப்போதும் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஓட்டும்போது கைபேசியை எடுக்கக் கூடாது என்ற விதியை அவர்கள் அந்த ஒரு வேளையிலாவது கடைப்பிடிப்பது மகிழ்ச்சியே.

முகாமுக்கு இடமளித்த திருமண மண்டப உரிமையாளருக்கும், போக்குவரத்துக் காவலர்களுக்கும், பயிற்சிக்குத் தம் வண்டியைத் தந்த உறுப்பினருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டு எல்லா வண்டிகளின் பின்புறத்திலும் ஒளிரும் பட்டைகளைப் பரிசோதித்து, மங்கியவற்றை மாற்ற எண்ணியுள்ளோம். பட்டை வாங்கப் பணம் வேண்டும். ஒட்ட ஆள் வேண்டும். செயலாளர் பொறுப்பை ஏற்க வேறொருவர் முன்வந்தால் கோப்புகளை இன்றே ஒப்படைக்கத் தயார். எவரும் வராவிடில், பாக்கிப் பட்டியலைப் பெயர்களோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்குப் பொதுக்குழு அனுமதி அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்