அப்பா காலில் முள்

பெர்லின்,
ஜனவரி 18

அன்புள்ள அம்மாவுக்கு,

செல்வி எழுதுவது. இங்கே நலம். ஊறுகாய்ப் பார்சல் வந்து சேர்ந்தது. நார்த்தங்காய் மட்டும் துண்டின் மேல் கசிந்திருந்தது. பரவாயில்லை, அந்தத் துண்டை முகர்ந்துகொண்டே படுத்தேன். உள்ளே மடித்து வைத்திருந்த உன் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் ரெண்டு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை என்பது உறைத்தது. திட்டாதே. போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். அதனால் இதைத் தம்பி போனுக்கு அனுப்புகிறேன். அப்பா டீக்கடைக்குப் போன பிறகு வாசித்துக் காட்டச் சொல்.

பொங்கலுக்கு இங்கே கிடைக்கும் குண்டரிசியைப் பாலில் குழைய வைத்து, வெல்லத்துக்குப் பதில் பழுப்புச் சர்க்கரை போட்டேன். குக்கர் வைக்கவில்லை, விசில் அடித்தால் கீழ்வீட்டுப் பாட்டி வந்து கதவைத் தட்டுவார். இந்தக் குளிரிலும் தினம் ரெண்டு வேளை ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்குமாம். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பார். ஹீட்டரைக் குறைத்து வைத்துப் போர்வைக்குள் படிப்பது நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது வகுப்பில் அழற்சி பாடம், அடிபட்ட இடம் சிவந்து வீங்குமே அது. ஜெர்மனில் ‘என்ட்ஸ்யூண்டுங்’, தீ மூட்டுவது என்று அர்த்தம். எங்கள் சொல்லிலும் அழல் இருக்கிறது என்றேன், டீச்சருக்கு ஒரே சந்தோஷம். 1882-இல் மெச்னிகாஃப் என்பவர் இத்தாலியில் மெசினா ஊரில், கண்ணாடிபோல் உடம்புள்ள நட்சத்திர மீன் குஞ்சுக்குள் ரோஜா முள்ளைக் குத்தி வைத்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்தாராம். காலையில் பார்த்தால் முள்ளைச் சுற்றி உயிரணுக்கள் மொய்த்திருந்தன, வந்ததைத் தின்பதற்கு. பின்னால், 1908-இல், நோபல் பரிசில் பாதி அவருக்கு. கதையைக் கேட்டபோது சிரித்தேன். அன்று சாயங்காலம்தான் உன் கடிதம், அப்பா காலில் கருவேல முள் என்று.

சிவப்பு, வீக்கம், சூடு, வலி. இந்த நாலும்தான் அழற்சியின் அடையாளம் என்று செல்சஸ் என்ற ரோமானியர் எழுதி வைத்து ரெண்டாயிரம் வருஷம் இருக்கும். நீ முதல் மூன்றை எழுதிவிட்டு, ‘வலியே இல்லையாம், கவலைப்படாதே’ என்கிறாய். எனக்குக் கவலையே அதுதான் அம்மா. சர்க்கரை நரம்பை மரத்துப்போகச் செய்யும். முள்ளோடு போன கிருமியைத் தின்ன வேண்டிய வெள்ளணுக்களும் சர்க்கரை ஏறினால் மந்தமாகிவிடும். நீ எழுதியபோதே பத்து நாள், பார்சல் வர இன்னும் பத்து. முனை உள்ளேயே ஒடிந்து நிற்கலாம். மஞ்சள் பற்றுப் போட்டது போதும், நிறுத்து. வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம், சுட்டாலும் அவருக்குத் தெரியாது. நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. டெட்டனஸ் ஊசி போட்டு அஞ்சு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் அதையும் கேள்.

வார்டில் ஒரு தாத்தாவின் காலை, விரலிடுக்கு வரை பார்த்துத் துடைத்துத் தினமும் நான்தான் கட்டுப் போடுகிறேன். நேற்று கட்டும்போது கை நின்றுவிட்டது. அவர் என்னவோ கேட்டார். தூக்கம் போதவில்லை என்றேன்.

பணத்துக்கு யோசிக்காதே. இந்த மாதம் மட்டும் கொஞ்சம் இழுபறி. அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில் என் தோடு இருக்கிறது, அதை அடகு வை. சேகர் மாமாவிடம் கேட்காதே, ஊரெல்லாம் சொல்வார். தம்பி ஃபீஸ் மார்ச்சில்தானே, அதற்குள் அனுப்பிவிடுவேன். அப்பா செருப்பில்லாமல் கொல்லைக்குக்கூடப் போகக் கூடாது. இன்றைக்கே தம்பியை அவர் காலைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல். மேல்பக்கம் வேண்டாம், உள்ளங்கால் தெரிய, வெயிலில் வைத்து.

செல்வி