சுங்கை சிப்புட்டிலிருந்து மகளுக்கு

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுகிறேன். நம் குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் நீ பகிர்ந்த எச்சரிக்கையைப் படித்தேன். ஒரு காணொலியைத் திறந்தால் பத்தே வினாடிகளில் கைப்பேசி அழிந்துவிடும், தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை எடுத்தாலே நச்சுநிரல் (வைரஸ்) புகுந்துவிடும் என்றெல்லாம் சொல்லும் இத்தகைய செய்திகள், பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு பல ஆண்டுகளாக உலகைச் சுற்றி வருகின்றன. அதை நம்பிய தோட்டத்து அத்தை, கண் சிகிச்சைக்கு நாள் குறித்துச் சொல்ல மருத்துவமனையிலிருந்து வந்த அழைப்பைக்கூட எடுக்க அஞ்சிவிட்டார். அதனால்தான் நீ நிதானமாகப் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

கைப்பேசிக்கு நச்சுநிரலே வராது என்று நான் சொல்லவில்லை. 2004ஆம் ஆண்டிலேயே 'கேபிர்' என்ற ஒன்று, சிம்பியன் மென்பொருளில் இயங்கிய கைப்பேசிகளில் புளூடூத் வழியே பரவியது. ஆனால், நிறுவலாமா என்று அது கேட்கும்போது கைப்பேசிக்கு உரியவர் 'ஆம்' என்று அழுத்தினால்தான் அதனால் உள்ளே நுழைய முடிந்தது. இன்றைக்கும் பெரும்பாலான கேடுகள் அந்த ஒரு 'ஆம்' என்பதற்காகவே காத்திருக்கின்றன. விதிவிலக்கு இல்லாமல் இல்லை. 2019இல் வாட்ஸ்அப் அழைப்பில் இருந்த ஓட்டை வழியாக, அழைப்பை எடுக்காதவர்களின் கைப்பேசியிலும் உளவு மென்பொருள் புகுத்தப்பட்டது. குறிவைக்கப்பட்ட ஏறத்தாழ 1,400 பேரில் செய்தியாளர்களும் மனித உரிமைப் போராளிகளும் இருந்தார்கள். அந்த ஓட்டையை அடைத்தது மென்பொருள் புதுப்பிப்புதான். ஆயிரம் பேருக்கு அனுப்பப்பட்ட எச்சரிக்கை அன்று. கைப்பேசி சூடாவதையும் மின்கலம் விரைவில் தீர்வதையும் கண்டு கலங்க வேண்டாம். பழைய கைப்பேசிக்கு அது இயல்பு.

நம் ஊர் மக்கள் அஞ்ச வேண்டியது வேறொன்று, அது மிகவும் பணிவாக வருகிறது. வீடு துப்புரவு செய்து தருகிறோம் என்று முகநூலில் விளம்பரம் செய்து, பதிவு செய்ய ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள். அல்லது திருமண அழைப்பிதழ் என்று புலனத்தில் ஓர் ஏபிகே கோப்பை, அதாவது ஆண்ட்ராய்டு கைப்பேசியில் செயலியை நிறுவும் கோப்பை, அனுப்புவார்கள். அதை நிறுவியவுடன் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். பணம் செலுத்தும் பக்கம் போலத் தோன்றும் போலிப் பக்கத்தில் வங்கிப் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் நாமே தட்டச்சு செய்துவிடுவோம். பிறகு, பணப் பரிமாற்றத்தை உறுதிசெய்யும் டேக் எண்ணை வங்கி குறுஞ்செய்தியில் அனுப்பினால், அதுவும் நம் கண்ணில் படும் முன்பே அவர்களிடம் போய்ச் சேர்ந்துவிடும். எட்டு மலேசிய வங்கிகளின் வாடிக்கையாளர்களைக் குறிவைத்த இத்தகைய போலிச் செயலிகளை ஈசெட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் 2022இல் வெளிப்படுத்தியது. சேமிப்பு முழுவதையும் ஒரே கணக்கில் வைத்திருக்கும் நம் பெரியவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

ஆகவே, பழைய செய்தியை நீக்கிவிட்டு, குழுவில் உன் குரலிலேயே ஒரு பதிவு போடு. அத்தைக்குப் படிப்பதைவிடக் கேட்பது எளிது. புலனத்தில் வரும் எந்தச் செயலியையும் நிறுவ வேண்டாம் என்று சொல். யாரேனும் ஏற்கெனவே நிறுவியிருந்தால், உடனே இணையத்தைத் துண்டித்து, வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கியையும் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணையும் அழைக்கட்டும். அடுத்த மாதம் சிங்கப்பூரிலிருந்து வரும்போது, வெளியிலிருந்து செயலிகளை நிறுவும் அனுமதியை அத்தையின் கைப்பேசியில் அடைத்து, மென்பொருளையும் புதுப்பித்துக் கொடு.

அன்புடன்,
அப்பா