உப்புப் படிகத்துக்குள் போகலாம், பியூரெட்டை விடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிகளில் மெய்நிகர்க் கண்ணாடி (மாட்டிக்கொண்டால் முப்பரிமாணக் காட்சிக்குள்ளேயே நிற்பதுபோல் தோன்றச் செய்யும் விஆர் கருவி) வழியே அறிவியல் கற்பிப்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். தண்டையார்பேட்டையில் நெடுங்காலம் மேல்நிலை வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

சோடியம் குளோரைடு படிகத்தில் ஒவ்வொரு சோடியம் அயனியையும் 6 குளோரைடு அயனிகள் சூழ்ந்திருக்கின்றன. எண்ணூர்ப் பக்கத்து உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குக்கூட, கரும்பலகையின் தட்டைப் படத்தில் முன்னும் பின்னும் உள்ள இரண்டு அயனிகள் கண்ணுக்குத் தட்டுப்படாமல், நான்கோடு எண்ணிக்கை நின்றுவிடும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் படிகத்துக்குள்ளேயே நின்று சுற்றிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் விளங்கும். கண் போக முடியாத இடத்துக்கு இந்தக் கருவி வரட்டும், மறுப்பில்லை.

ஆனால் எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில் நான் கண்ட செயல்விளக்கத்தில், பெர்மாங்கனேட் தரம்பார்த்தலையே, அதாவது பியூரெட் என்னும் அளவுக் குழாயிலிருந்து ஊதாநிறப் பெர்மாங்கனேட் கரைசலைத் துளித்துளியாக விட்டு இன்னொரு கரைசலின் செறிவைக் கணக்கிடும் சோதனையையே, கண்ணாடிக்குள் செய்துகாட்டினார்கள். வெளிர் இளஞ்சிவப்பு நிலைக்கும் நொடியில் நிறுத்தாமல் ஒரு துளி கூடுதலாக விட்டால் கணக்கு பிசகும் என்பதையும், அடர்நிறக் கரைசல் என்பதால் பியூரெட்டில் திரவமட்டத்தின் மேல்விளிம்பைப் பார்த்தே அளவெடுக்க வேண்டும் என்பதையும் விரல்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அங்கே துளி தானாகச் சரியான இடத்தில் நின்றது. ஒரு மாணவர்கூடத் தவறு செய்யவில்லை, அதுதான் என் கவலை. 6 முதல் 8ஆம் வகுப்பு வரையுள்ள அரசுப் பள்ளி மாணவர்கள் கையால் சோதனை செய்து பார்க்கட்டும் என்று 2022இல் வானவில் மன்றம் தொடங்கிய மாநிலத்தில், மேல்வகுப்பில் அந்தக் கையைக் கட்டிப்போடலாமா?

செலவையும் கருத வேண்டும். மெய்நிகர்க் கல்விச் சுற்றுலாக்களுக்குப் பள்ளிகள் பலவும் நம்பியிருந்த கூகுள் எக்ஸ்பெடிஷன்ஸ் செயலி 2021இல் நிறுத்தப்பட்டது. கருவியை வாங்கிவிட்டு, மென்பொருளுக்கு வேறொருவர் தயவை எதிர்பார்த்திருந்தால் இதுதான் நேரும். நம் பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் ஏற்கெனவே அச்சாகியிருப்பதால், சாதாரணக் கைப்பேசியை அப்பக்கத்தில் காட்டியதும் படிகம் எழுந்து நிற்கும் மிகைமெய்ம்மைப் பாடங்களை, பாடநூலின் கலைச்சொற்களோடு தமிழ்க் குரலில், ஆசிரியர்களைக் கொண்டே பள்ளிக்கல்வித் துறை உருவாக்கலாம். கண்ணாடிகள் வாங்குவதற்கு முன், விரிசல் விட்ட பியூரெட்டுகளை மாற்றித் தரவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
தண்டையார்பேட்டை, சென்னை