அவர்கள் பேசினார்கள், ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுவான சுற்றுச்சூழல் துன்பத்தை வைத்தே பகையைத் தணிக்கலாம் என்று சென்ற ஞாயிறு மலரில் எழுதியிருந்தீர்கள். ஜோர்டான் ஆற்றுக்காக இஸ்ரேலியரும் பாலஸ்தீனரும் ஜோர்டானியரும் சேர்ந்து உழைப்பதை விரிவாகச் சொன்ன கட்டுரை, காவிரிக்கு வந்ததும் "இங்கே இரு தரப்பும் உட்கார்ந்து பேசியதே இல்லை" என்று ஒரே வரியில் முடிந்துவிட்டது. அந்த வரியை மூன்று நாளாக என்னால் விழுங்க முடியவில்லை.

2003-இல் இரு மாநில விவசாயிகளும் சென்னையில் கூடி 'காவிரிக் குடும்பம்' தொடங்கியது தாங்கள் அறியாததல்ல. நீர்வள ஆய்வாளரான பேராசிரியர் ஜனகராஜன் போன்றோர் முன்னின்று நடத்திய முயற்சி அது. இங்கே கர்நாடகத்திலிருந்து போனவர்கள் டெல்டா வயல்களைப் பார்த்தார்கள். அங்கிருந்து வந்தவர்கள் இங்குள்ள வயல்களைப் பார்த்தார்கள். பஸ் எரிந்தால் முதல் பக்கம் தருகிறீர்கள். இவர்களுக்கு ஒரு வரிகூட இல்லையா?

1991 டிசம்பரில், காவிரிக் கலவரத்தின்போது, என் தந்தை பெங்களூரு அல்சூரிலிருந்த எங்கள் கடையின் பெயர்ப்பலகையிலிருந்த தமிழ் எழுத்துகளை அரிவாள்மனையால் சுரண்டி எடுத்தார். 'ழ' மட்டும் முழுதாகப் போகவில்லை. அதன் மேல் சுண்ணாம்பு பூசினார். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடிக் கிடந்ததையும் பார்த்து வளர்ந்தேன். 2009 ஆகஸ்டில் இங்கே வள்ளுவரையும் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரையும் நான்கு நாள் இடைவெளியில் திறந்துவிட்டார்கள். மனம் வைத்தால் நான்கு நாள் போதுமென்றால், அத்தனை ஆண்டுகள் எதற்கு?

2023 செப்டம்பரில் காவிரிக்காக நடந்த பந்த் அன்று, காவிரிப் பாசன ஊரான மண்டியாவிலிருந்து வந்த என் பக்கத்து வீட்டுக்காரரிடம், திருவாரூரிலிருந்து என் அண்ணன் அனுப்பிய குறுவை நெல் வயல் படத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "நட்டு எத்தனை நாளம்மா?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு தன் ஊர் வயலைக் காட்டினார். தண்ணீரைப் பற்றி இருவரும் வாதிடவே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் குழாயில் வருவது காவிரி. நாங்கள் கழித்துவிடும் நீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணையில் சேர்ந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை நுரையாகப் பொங்குகிறது. விருஷபாவதி ஆற்றில் விழும் கழிவோ அர்க்காவதி ஆற்றின் வழியாகக் காவிரிக்கே போகிறது. 2018 ஜனவரியில் பெல்லந்தூர் ஏரி பற்றி எரிந்தபோது அந்தப் புகை யாரிடமும் மொழி கேட்கவில்லை. காவிரியில் யாருக்கு எத்தனை டி.எம்.சி. (நூறு கோடி கன அடி) தண்ணீர் என்ற வழக்கு 1990-இல் நடுவர் மன்றத்துக்குப் போய், 2018-இல்தான் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பானது. கழிவைச் சுத்திகரிப்பதில் எந்தத் தரப்புக்கும் ஒரு சொட்டுகூட நட்டமில்லை. பெங்களூரும் ஓசூரும் முதலில் இதைப் பேசட்டும் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தால் அவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பேன்.

நான் கேட்பது இரண்டே. அந்த வரிக்கான திருத்தத்தை அதே ஞாயிறு மலரில் வெளியிடுங்கள். தினமும் மேட்டூர் நீர்மட்டம் போடும் கட்டத்தில் கர்நாடகத்தின் கிருஷ்ணராஜ சாகர் (கே.ஆர்.எஸ்.), கபினி அணைகளின் நீர்மட்டத்தையும் சேர்த்துப் போடுங்கள். இதைக் கேட்டு முன்பே இரண்டு கடிதம் எழுதியிருக்கிறேன், இது மூன்றாவது.

தங்கள் நெடுநாள் வாசகி,
அல்சூர், பெங்களூரு